உடம்பு வீட்டுக்காரி

ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்கு நேர் எதிரே வந்தாள். நான் சிரித்தேன். இரண்டு கையிலும் பை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டாள். ஷூ கம்பெனியில் ஒரே வரிசையில் எனக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவள். முந்தின நாள் மத்தியானம் என் டப்பாவில் கைவிட்டு மாங்காய் ஊறுகாய் எடுத்துத் தின்றவள். நான் யாரையும் இரண்டாம் தரம் கூப்பிடுகிற ஆள் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு என் வழியே நடந்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"யக்கா! இன்னா, பாக்காத மாதிரி போற?"

"நானா பாக்கல? மூஞ்சிக்கு நேரா வந்தேன், தூண் மாதிரி தாண்டிப் போறியே."

"மூஞ்சப் பாத்தா எனக்கு யாருன்னு தெரியாதுக்கா. திரும்பி நடந்த பாரு, எடது தோளு கீழ எறங்குச்சு. அப்பதான் நீன்னு தெரிஞ்சுது."

என் இடது தோள் இறங்கியிருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. என்னைக் கட்டியவர் கூட அதைச் சொன்னதில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் போய்ச் சில வருஷம் ஆகிறது. இருந்த காலத்திலும் ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உடம்பு வீட்டுக்காரி என்றால் போதும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில் இருக்கிறது. கெங்கையம்மன் எங்களுக்குத் தெய்வம். அம்மன் கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவள் ரேணுகை, முனிவர் பெண்டாட்டி. தினமும் ஆற்றுக்குப் போவாள். ஈர மணலைக் கையால் திரட்டிக் குடம் செய்வாள். சூளையில் வைக்காத பச்சை மணல் குடம். பாம்பைச் சுருட்டிச் சும்மாடாக வைத்து, அதன்மேல் அந்தக் குடத்தை ஏற்றித் தண்ணீர் கொண்டு வருவாள். மனசு அவ்வளவு கட்டு. ஒரு நாள் வானத்தில் போன கந்தர்வன் நிழல் தண்ணீரில் விழுந்தது. இப்படியும் ஒரு அழகா என்று ஒரு நொடி நினைத்தாள். அவ்வளவுதான், மணல் திரளவில்லை. முனிவருக்கு அது தெரிந்துபோனது. பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டு அம்மா தலையை வெட்டச் சொன்னார். அவள் ஓடினாள். ஊரில் எந்தக் கதவும் திறக்கவில்லை. சேரியில் தோல் பதப்படுத்துகிற ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்து மறைத்துக்கொண்டாள். பிள்ளை கோடாலியை வீசினான். இரண்டு தலையும் விழுந்தது. சொன்னபடி செய்ததற்கு அப்பா வரம் தந்தார், பிள்ளை அம்மாவை உயிரோடு கேட்டான். அவசரத்தில் தலையை மாற்றி வைத்துவிட்டான். முனிவர் பெண்டாட்டி தலையும் தோல்காரி உடம்புமாக எழுந்து நின்றவள்தான் எங்கள் கெங்கையம்மன்.

அதனால் எங்கள் ஊரில் அம்மனின் தலை ஒரு இடத்தில், உடம்பு ஒரு இடத்தில். தலை ஊர்க் கோயிலில் இருக்கும். சிரசு என்று மரியாதையாகச் சொல்வோம். உடம்பு காலனியில் ஒரு வீட்டில் இருக்கும். ஆள் உயர மர உடம்பு, கழுத்து வரைக்கும். வைகாசித் திருவிழாவுக்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் காலனி முனையில் வெற்றிலை பாக்கு வைத்து, "அம்மா, புறப்படு" என்று கூப்பிடுவார்கள். திருவிழா அன்று விடிந்ததும் பூசாரி சிரசைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு பம்பை உடுக்கையோடு தெருத்தெருவாக வருவார். உடம்பு வீட்டார் உடம்பைத் தூக்கிவந்து, ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற வேப்பமரத்தடியில் நிறுத்தியிருப்பார்கள். சேலைகளைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குள் தலையும் உடம்பும் சேரும். திரை விலகினால் அம்மன் முழுசாக நிற்பாள். அப்புறம் தேர். சாயங்காலம் அதே மரத்தடியில் அம்மன் கழுத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தலையை இறக்குவார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில்தான் போகும். என் மாமியாருக்குப் பிறகு நான். எங்கள் குடம் வராமல் அம்மன் தலை இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த உடம்பு இருந்த வீடுதான் அவள் வீடு. மாமனார் வழியில் வந்த பாத்தியதை. புருஷன் போன பிறகு அவளே பார்த்துக்கொண்டாள். ஒரே அறை வீடு. அதில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் இவள் பாய், ஒரு பக்கம் தலையில்லாத அம்மன். வெள்ளிக்கிழமை சேலை மாற்றுவாள். காலுக்கு எண்ணெய் தடவுவாள். கம்பெனியில் மத்தியானம் சோறு தின்னும்போது அதையெல்லாம் ஏதோ வீட்டோடு இருக்கிற நாத்தனாரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள்.

"நேத்து மழ பாரு, வூடு ஒழுவுது. அவளத் தள்ளி வெச்சிட்டு அந்த எடத்துல நான் படுத்துக்கினேன்."

எதிர் வரிசையில் வாயாடி ஒருத்தி இருந்தாள். அவள் கேட்டாள், "ஆடி மாசம் கூழ் ஊத்துறியே, எந்த வாயில ஊத்துவ? அதுக்குத்தான் தலையே இல்லியே."

"வாய் ஊர்ல கீது. அவங்க ஊத்தட்டும். எங்கிட்ட வயிறு கீது. ரொம்பிச்சான்னு நான் பாத்துக்குறேன்."

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்பது அவளிடம் எப்போதுமே தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். கம்பெனிக்குள் அவள் எனக்கு "அக்கா, நீ, வா, போ." வேன் எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறக்கிவிட்டதும் "வாங்க, போங்க." அதை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நானும் மாற்றிக்கொள்ளச் சொன்னதில்லை.

கதை சொல்லும்போதும் அவள் வழி தனி. பூசாரி சொன்னால் மணல் குடத்திலேயே பொழுது போய்விடும். கற்பு, பொறுமை, பத்தினித்தனம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொல்வார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இவள் கதையில் குடம் சீக்கிரம் போய்விடும்.

"கொடம் செஞ்சா, செஞ்சா. இப்ப வந்தா பாலாத்துல மணலும் இல்ல, தண்ணியும் இல்ல. பிளாஸ்டிக் கொடம்தான் தூக்கணும், டேங்க் லாரி பின்னால ஓடணும். அத வுடு. ஓடி வந்தா இல்ல? அங்கதான் கத கீது. ஓடி வந்தவள இவ கட்டிப் புடிச்சா. யாரு, இன்னா ஏதுன்னு கேக்கல. நீ இன்னா தப்பு பண்ணன்னு கேக்கல. கோடாலி வருதுன்னு தெரிஞ்சும் கைய எடுக்கல. நான் அந்தக் கையத்தான் கும்புடுறேன்."

"அப்ப பத்தினித்தனம் இல்லியா?" என்று நான் கேட்டேன்.

"அது தலைக்குக்கா. உங்க கோயில்ல கீதே, அதுக்கு. பத்திரமா வெச்சிக்கோங்க."

கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டினால் எல்லாரும் தலையைக் குனிந்து நிற்போம். இவளும் குனிவாள், ஆனால் அவர் முழங்காலைப் பார்ப்பதற்காக. ஒரு தரம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா, மூஞ்சப் பாத்துப் பேச மாட்டியா?"

"மூஞ்சி கோவமா கீது சார். காலு பாவம், வலியில கீது. நான் காலுகிட்டதான் பேசிட்டிருக்கேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவளைத் திட்ட வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் திட்டுவார்.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவள். பவுடர் பூசி, பூ வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு வருவாள். எங்களுக்கெல்லாம் அவளைப் பார்த்தால் பொறாமையாகக் கூட இருந்தது. இவள் மட்டும் அவள் நூல் கண்டு எடுக்கக் கையைத் தூக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லைன் மேஸ்திரியிடம் போய், "அந்தப் பொண்ண பசை தடவுற மேசையில உக்கார வை. கைய மேல தூக்குற வேலை வேணாம்" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், அதே சிரிப்போடு.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. தோளுக்குத்தான்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று இவள் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "கேட்டா வாய் ஒண்ணு சொல்லும். எதுக்கு அதுக்குச் செரமம்?" என்றாள். ஒரு சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் அந்தப் பெண் தன் வீட்டுப் பக்கம் போகாமல் ரோட்டிலேயே நின்றாள். இவள் அவள் கையைப் பிடித்துக் காலனிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா வந்து கூட்டிப் போகும் வரைக்கும் அந்த ஒற்றை அறையில் மூன்று பேர் இருந்தார்கள், அம்மனையும் சேர்த்து. புருஷன்காரன் வாசலில் வந்து கத்தினானாம். இவள் வெளியே வந்து படியில் குறுக்கே உட்கார்ந்து, அவன் போகும் வரைக்கும் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாளாம்.

அவளிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அவள் புருஷன் தோல் பதப்படுத்துகிற தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். அவரைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தபோது சாதாரணமாகச் சொன்னாள்.

"அவுரு மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்லக்கா. கண்ண மூடினா முதுகுதான் வருது. குழியில குனிஞ்சி நிக்குற முதுகு. சுண்ணாம்பு பட்டு வெந்த கை. எடுத்த அன்னிக்கு எல்லாரும் மூஞ்சியப் புடிச்சினு அழுதாங்க. நான் கால்கிட்ட உக்காந்துனு இருந்தேன். காலு அவுருதுதான்னு தெரிஞ்சுது."

எனக்கு அது நன்றாக இல்லை. கட்டிய புருஷன் முகத்தை மறந்துவிட்டேன் என்று ஒருத்தி ஊறுகாய் தொட்டுக்கொண்டு சொல்லலாமா? சில நாள் நான் வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு நாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் திருவிழாவுக்குக் கமிட்டி கூடியபோது புதிதாக ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போய் நன்றாக இருக்கிற குடும்பம் ஒன்று, பைபரில் அம்மன் உடம்பு செய்து தருவதாகச் சொன்னது. கமிட்டித் தலைவர் கம்பெனிகளுக்கு வேன் விடுகிறவர். எதையும் சுருக்கமாக முடிக்க வேண்டும் அவருக்கு. "லேசா இருக்கும், கோயில்லயே வெச்சிக்கலாம், காலனி வரைக்கும் போய் வெத்தல பாக்கு வெச்சி நிக்கற பேஜார் இல்ல" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். காலனிப் பிள்ளைகள் கோபமாகப் பேசிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் மிஷினில் நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்ததை முடித்து, நூலைக் கத்தரித்து, அதைப் பெட்டியில் போட்ட பிறகு பேசினாள்.

"வருசத்துல ஒரு நாள் அவ முழுசா எழுந்து நிக்கணும்னுதான்க்கா மத்த நாளெல்லாம் நான் அவ காலப் புடிக்குறேன். தலை வரலன்னா என் வூட்ல இருக்குறது வெறும் மரக்கட்ட. அப்புறம் நான் யாருக்கு எண்ண தடவறேன்?"

அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் கை மிஷின்மேல் சும்மா கிடந்தது. அதைப் பார்த்தபோது, இது அவளுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.

புது உடம்பு வேனில் வந்து இறங்கியது. ஊரே போய்ப் பார்த்தது. வெளுப்பான கை, மெல்லிய இடுப்பு, பாதத்தில் தங்க வண்ணம். செல்போனில் படம் பிடித்தார்கள். இவளும் வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள், குதிகாலைக் குனிந்து பார்த்தாள்.

தலைவர் சிரித்துக்கொண்டு, "இன்னாம்மா, எப்படி இருக்குது?" என்றார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. யாரு இவங்க?"

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் போய்விட்டாள்.

திருவிழா அன்று விடிந்ததும் சிரசு புறப்பட்டது. பூசாரி வயசானவர். மரத்தில் செய்து எத்தனையோ தலைமுறை வண்ணம் பூசிய கனமான தலை. புறப்பட்டால் உடம்பில் சேரும் வரைக்கும் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. மாலைமேல் மாலை விழுந்து கனம் ஏறிக்கொண்டே போகும். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வேப்பமரத்தடிக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. புது உடம்பு பட்டுச் சேலை கட்டி நின்றது. திரை பிடித்தார்கள். பூசாரி உள்ளே போனார்.

வழக்கமாக ஒரு பாட்டு முடிவதற்குள் திரை விலகிவிடும். அன்றைக்குப் பம்பைக்காரர்கள் பாட்டை முதலிலிருந்து பாடினார்கள். மறுபடியும் பாடினார்கள். உள்ளே தலை நிற்கவில்லை. இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் சாய்ந்தது. துண்டைச் சுற்றி வைத்தார்கள், வழுக்கியது. யாரோ டேப் கொண்டுவந்து ஒட்டினார்கள், பிய்த்துக்கொண்டது. கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. கடைசியில் பூசாரி தலையைத் திரும்பவும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்துவிட்டார்.

"அந்தம்மாவக் கூப்புடுங்கப்பா" என்றார் தலைவர்.

அவள் தூரத்தில் இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம், காலனிப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். முன்னால் வந்தாள்.

"கழுத்துக்கு நீங்க இன்னாம்மா வெப்பீங்க? துணியா?"

"தோலு."

"இன்னாது?"

"பச்சத் தோலு. முந்தின நாளே ஊற வெச்சி, வளையமா வெட்டிக் கழுத்துல மாட்டுவோம். தலைய எறக்கினா உக்காந்துக்கும். தேரு போறப்ப வெயில்ல காஞ்சி இறுக்கிப் புடிச்சிக்கும்."

பம்பை நின்றுவிட்டது. கமிட்டியில் ஒரு பெரியவர், "சாமி கழுத்துல மாட்டுத் தோலா?" என்று கத்தினார்.

"மாடு இல்லிங்க, ஆடு. மாட்டுத் தோலு தடிமனு. அவ கழுத்துக்குத் தாங்காது."

"தீட்டும்மா அது! ஊரே கும்புடுற எடத்துல..."

"சாயங்காலம் எதுக்கு மஞ்சத் தண்ணி ஊத்துறீங்க?" என்று அவள் என் குடத்தைக் காட்டினாள். "தோல் ஊறத்தான். ஊறினாத்தான் தலை கழண்டு வரும். அந்தத் தண்ணியத்தான் எல்லாரும் தலையில தெளிச்சினு போறீங்க."

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. என் மாமியார் எனக்கு இதைச் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடம் கனமாகத்தான் இருந்தது. நான் இடுப்பை மாற்றவில்லை, கீழே இறக்கவும் இல்லை.

மாலைகளுக்கு அடியிலிருந்து பூசாரி பேசினார். "எனக்குத் தெரியும். கை வெச்சவனுக்குத் தெரியாதா? எங்கப்பனுக்கும் தெரியும். நீங்க யாரும் கேக்கல, நாங்க சொல்லல."

தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ சம்பளம் வாங்காத வீடு அந்தக் கூட்டத்தில் ஒன்றும் இல்லை. யாரும் மேற்கொண்டு கத்தவில்லை. தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நேரம் ஆவுது. அத எடுத்துனு வந்து இதுல மாட்டு."

அவள் புது உடம்பின் கழுத்தை உள்ளங்கையால் தடவினாள். "இது வழுக்குதுங்க. தோலு மரத்துலதான் புடிக்கும்."

"அப்ப அந்த மர உடம்பத் தூக்கினு வாங்க."

"அவள நீங்க கூப்புடலிங்களே. வருசா வருசம் வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடுவீங்க. இந்த வருசம் கூப்புடல. கூப்புடாத எடத்துக்கு நான் எப்படி அவளக் கூட்டினு வருவேன்?"

"இப்ப நான் கூப்புடுறேன், போதுமா?"

"வேணாம்னு சொன்ன வாய் அது. அது கூப்ட்டா வரமாட்டா. தலை வந்து கூப்புடட்டும்."

சிரசு காலனிக்குள் போனது கிடையாது. எங்களுக்குத் தெரிந்தும் இல்லை, எங்களுக்கு முந்தியவர்களுக்குத் தெரிந்தும் இல்லை. அந்த மரம்தான் எல்லை. ஊர்ப் பக்கத்தில் கூச்சல் கிளம்பியது. "இன்னா திமிரு பாரு" என்றார்கள். "போலீசுக்குச் சொல்லு" என்றார்கள். காலனிப் பிள்ளைகள் முன்னால் வந்து நின்றார்கள். தலைவர் இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு நடுவில் நின்றார். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பூசாரி காலு நடுங்குது" என்றாள். "விடிஞ்சதுலருந்து சொமக்குறாரு. சண்டய அப்புறம் போடுங்க. அவுரு எங்க எறக்குறதுன்னு மொதல்ல சொல்லுங்க."

பூசாரி, "எனக்குக் கழுத்து போவுதுப்பா" என்று சொல்லிவிட்டு, மரத்தைச் சுற்றிக் காலனிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

சிரசு போகிற இடத்துக்குப் பம்பை போக வேண்டும், அது முறை. பம்பைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நானும் போனேன். எங்கள் குடம் சிரசோடுதான் போகும். ஊர்ப் பெண்கள் என் பின்னால் வந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது தலைவரும் வந்துகொண்டிருந்தார். இஷ்டப்பட்டு வரவில்லை என்று நடையிலேயே தெரிந்தது. எப்படி வந்தால் என்ன, வந்தார்.

காலனித் தெருவில் அந்த நேரத்துக்கு யாரும் கோலம் போட்டிருக்கவில்லை. இப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒருத்தி பக்கெட் தண்ணீரை எடுத்து வாசலில் இறைத்தாள். அதைப் பார்த்து அடுத்த வாசலிலும் இறைத்தார்கள். பூசாரி கால் நனைய நனைய நடந்தார்.

அவ்வளவு வருஷத்தில் அவள் வீட்டுக்குள் நான் நுழைந்தது அன்றைக்குத்தான். வாசல் தணிவு. பூசாரி உட்கார்ந்தாற்போல மடங்கி, தலை இடிக்காமல் உள்ளே போனார். நான் குடத்தோடு பின்னால் போனேன். வேறு யாருக்கும் உள்ளே இடம் இல்லை. அம்மன் உடம்பு பின்சுவரை ஒட்டி நின்றது. கிளிப்பச்சைச் சேலை. எண்ணெய் ஏறிக் கறுத்த பெரிய பெரிய கைகள், அகலமான பாதம். பக்கத்தில் ஒரு வாளியில் தோல் வளையம் ஊறிக்கொண்டிருந்தது.

"கூப்புடாத வருசத்துக்கும் ஊற வெச்சியா?" என்றேன்.

"நீங்க கூப்புடலன்னா அவளுக்குக் கழுத்து இல்லாமப் போயிடுமாக்கா?"

ஊருக்குள்ளேயே என்னை அக்கா என்றாள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

வளையத்தைப் பிழிந்து கழுத்தில் மாட்டினாள். அப்புறம் நின்றுவிட்டாள். உடம்பு வீட்டார் அம்மனுக்குப் பின்னால் நிற்பதுதான் வழக்கம். திரைக்குள் பின்னாலிருந்து பிடித்துத்தான் தலையைப் பொருத்துவார்கள். தேரிலும் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தாங்கிக்கொண்டு போவார்கள். இறக்கும்போதும் பின்னாலேதான். சிரசு இருக்கிற ஊர்க் கோயிலுக்குள் அவர்கள் வருவதும் இல்லை. இந்த அறையில் பின்னால் போக வழி இல்லை, சுவர் இருந்தது. அவள் நெல் டின்னை இழுத்துப் போட்டு முன்னால் ஏறி நின்றாள். பூசாரி சிரசை இறக்கினார். அவள் இரண்டு கன்னத்திலும் கை கொடுத்து வாங்கி, மெதுவாகக் கழுத்தில் உட்கார வைத்து, ஒரு தரம் அழுத்தினாள். தலை உட்கார்ந்தது. பூசாரி கையை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

அவள் கையை எடுக்கவில்லை. அம்மன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அந்த முகத்தை அதுவரைக்கும் பார்த்ததே இல்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

"ஆச்சாம்மா?" என்று வாசலிலிருந்து தலைவர் கேட்டார்.

அவள் திரும்பவில்லை. மஞ்சள் கறை பட்ட அந்தக் கன்னத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"ஏன்டி," என்றாள் அம்மனிடம், "இம்மாஞ் சின்ன மூஞ்சியாடி உனக்கு?"